தனி டம்ளர்
(மேற்குத் தாம்பரத்தில் நடந்த ஒரு குடும்பக் கூட்டத்தில் பேசியதின் சுருக்கம்)



பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கையும், பிறர் துன்பத்தை உணரும் குணமும் உண்டாக என்ன செய்ய வேண்டும் என்று பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். இதற்காக நாம் பெரிய சாஸ்திரம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வீட்டிலுள்ள ஒரு டம்ளரைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கங்களில் பாத்திரம் துலக்க வருகிற அம்மாளுக்கென்று எத்தனையோ வீடுகளில் தனி டம்ளர் ஒன்று ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருக்கிறது. கேட்டால் "சுத்தத்திற்காக" என்கிறார்கள். அந்த அம்மாள் துலக்கிய தட்டில் வீட்டார் அனைவரும் சாப்பிடலாம். அவர் குடித்த டம்ளர் மாத்திரம் ஆகாது என்றால், இதில் சுத்தம் எங்கே வந்தது? "எங்கள் வீட்டில் ஜாதி பேசுவதே இல்லை" என்று பெருமை பேசும் படித்தவர்களின் வீடுகள்தான் இவை. பேசுவானேன்? ஐந்து வயதுக் குழந்தை தினமும் அந்த டம்ளரைப் பார்க்கிறதே!

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாத முதல் வாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மாடியில் நின்றவர்கள், சமைத்தவர் யார், என்ன ஜாதி என்று கேட்காமல் பொட்டலத்தை வாங்கிச் சாப்பிட்டார்கள். நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், வேலை செய்யும் அம்மாளும் அவர் பிள்ளைகளும் அதே மாடியில்தான் தங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே சொம்பு. தண்ணீர் வடிந்தது, சேற்றை வழித்தார்கள், அந்தத் தனி டம்ளரையும் கண்டெடுத்துக் கழுவிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்கள்! அந்த வீட்டுப் பெண் குழந்தை, "மாடியில் எல்லாரும் ஒரே சொம்பில்தானே குடித்தோம்?" என்று கேட்டது. "பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே" என்பதுதான் கிடைத்த பதில்.

அந்தக் கேள்வியில் அந்த அம்மாளிடத்தில் இரக்கமும் இருந்தது. தன் புத்தியை நம்பிக் கேட்கும் துணிவும் இருந்தது. இரண்டையும் ஒரே அதட்டலில் அடக்கியாயிற்று. பிறகு அதே குழந்தைக்குத் தைரியம் வர வேண்டுமென்று மாதாமாதம் பணம் கட்டிப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள் என்றால் சிரிப்பதா, அழுவதா?

2023-ஆம் வருஷம் கரூர், தூத்துக்குடி ஜில்லாக்களில், ஆதிதிராவிடப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பள்ளிக்கூடக் காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடாதபடி பெற்றோர்கள் தடுத்ததாகப் பத்திரிகைகளில் பார்த்தோம். அந்தப் பிள்ளைகள் இதைக் கற்றுக் கொண்டா பிறந்தார்கள்?

சாப்பாட்டுப் பந்தி சின்ன விஷயம் என்று நம் இயக்கம் ஒருநாளும் நினைத்ததில்லை. வ.வே.சு. அய்யர் சேரமாதேவியில் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு போட்டதை எதிர்த்து, 1924, 1925-ஆம் வருஷங்களில் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் பெருங்கிளர்ச்சி செய்தார்கள். பொதுமக்கள் பணத்தில் நடந்த இடம் அது. அங்கே பிள்ளைகள் என்ன பாடம் படித்தார்கள் என்பதைவிட, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதே முக்கியமாயிற்று.

பெரியார் தம்மைவிட எவ்வளவோ சிறியவர்களையும் "வாங்க, போங்க" என்றே பேசினார். நம் வீடுகளிலோ ஐம்பது வயது அம்மாளை ஆறு வயதுப் பிள்ளை பேர் சொல்லி "நீ, வா" என்று கூப்பிடுகிறது, கேட்டு ரசிக்கிறோம்! பொங்கலுக்குப் பழைய புடவை கொடுப்பதால் இது சரியாகிவிடாது. பழையதைக் கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே என்பதைத்தான் குழந்தை அதில் கற்கும். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, உங்கள் டம்ளரிலேயே காப்பியைக் குழந்தை கையால் கொடுக்கச் சொல்லுங்கள். ஆண் பிள்ளையானால் குடித்த டம்ளரை அவனே கழுவட்டும். கை தேய்ந்து போகாது.

நம் பேச்சை இத்துடன் நிறுத்திக் கொள்ளுகிறோம். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம். முன்வரிசையில் அந்தச் சிறு பெண் வெகு நேரமாகக் கையைத் தூக்கியபடி இருக்கிறார்; முதலில் அவர் கேட்கட்டும்.