மறக்க வல்லோமா?



பிறர் செய்த தீமையை அன்றைக்கே மறந்துவிடும்படி வள்ளுவனார் பணித்தார். அவ்வாற்றல் நம்மிடம் உண்டா, உண்டெனில் அதன் அளவை நாமே அறிவோமா என்பதே இன்று நாம் பேச எடுத்த பொருள்.

1987ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலறிஞர் டானியல் வெக்னரும் அவர் துணைவரும் மாணவர் சிலரை ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினையாதிருக்கச் செய்தனர். நினைவு வந்தால் மணியடிக்கவேண்டும். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பின்னர் நினைக்கலாம் என்று விட்டபோது, முன்பு அடக்கியவர்களுக்கே கரடி மிகுதியாக வந்தது. நினைவு வந்துவிட்டதா என்று மனத்துள்ளே ஒரு காவற்காரன் தேடுகிறான், அவனே கரடியைக் கூட்டி வருகிறான் என்பது வெக்னர் பின்னாளிற் கொடுத்த விளக்கத்தின் சாரம்.

2001இல் மைக்கேல் அன்டர்சனும் கொலின் கிறீனும் வேறொன்றைக் காட்டினர். சொற்களை இரண்டிரண்டாகப் பயிற்றி, ஒன்றைக் காட்டி, மற்றது மனத்தில் எழாமல் தடுக்கச் சொன்னார்கள். 16 முறை தடுத்த சொல், பின்னர் காசு தருவதாகச் சொல்லியும், சற்றே குறைவாகத்தான் நினைவுக்கு வந்தது. சற்றே என்பதை அழுத்திச் சொல்கிறோம்.

சொல்லை மறப்பது வேறு, துயரை மறப்பது வேறு என்பீர்கள். எமது ஐயா காலமானபோது நாம் உயர்தர வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தோம். சோதனைக்கு மூன்று மாதமே இருந்தது. அவருடைய குடையையும் சுருட்டுப் பெட்டியையும் பரணில் ஏற்றிவிட்டு, மறந்துவிட்டோம் என்று சிநேகிதர்களிடம் சொல்லித் திரிந்தோம். பொய்யன்று, மெய்யாகவே நம்பினோம். ஒருநாள் பஸ்ஸிலே பக்கத்திலிருந்த கிழவரின் சால்வையிற் சுருட்டு மணம். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்புப் போய்விட்டோம்.

அம்மாவோ தம்மால் மறக்கவே முடியாது என்பார். நாள்தோறும் ஐயாவைப் பற்றியே பேச்சு. ஆனால் அவர் விட்ட பகிடிகளைச் சொல்வாரேயன்றி, ஆஸ்பத்திரியிற் கழிந்த அந்தக் கடைசி இரவை ஒருநாளும் எடுப்பதில்லை. அதை விலக்கி வைத்திருப்பது அவருக்கே தெரியாது.

2023இல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்த ஆய்வில் 16 நாடுகளைச் சேர்ந்த 120 பேர் கலந்துகொண்டனர். மூன்று நாள் தம் அச்சங்களை அடக்கப் பழகியவர்களுக்கு அவை மீண்டும் பெருகி வரவில்லை, மனச்சுமையும் குறைந்தது. அவை வருங்காலத்தைப் பற்றிய அச்சங்கள். நடந்து முடிந்த துக்கத்துக்கும் இது பொருந்துமென்று நாம் அவசரப்படவில்லை.

குடையைப் பரணிலிருந்து இறக்கிவிட்டோம். இன்று இம்மண்டபத்துக்கு அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தோம்.