அறுபதுக்கு மேல் ஒரு சிலம்பக் கூடம்



பணியிலிருந்து ஓய்வு பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின், ஒரு நாள் பேருந்துப் படியில் இறங்கும்போது என் கால் தடுமாறியது. விழவில்லை, நடத்துநர் தோளைப் பற்றிக்கொண்டார். ஆயினும் அன்று முதல் படி என்றாலே ஓர் அச்சம் உள்ளத்தில் குடிபுகுந்துவிட்டது. சிறு வயதில், ஊர்த் திருவிழாவில் கம்பு சுழற்றியவர்களை வாய் பிளந்து பார்த்து நின்றவன் நான். கற்றுக்கொள்ள வீட்டார் இசையவில்லை. அந்தப் பழைய ஆசையும் இந்தப் புதிய அச்சமும் சேர்ந்து, அறுபத்து மூன்றாம் வயதில் என்னைச் சிலம்பக் கூடம் தேட வைத்தன.

நீங்கள் சிரிக்கக்கூடும், சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுத் தாத்தாவுக்கோ பெரியம்மாவுக்கோ இத்தகைய ஆசை நாளை எழுமானால், இடம் விசாரித்து வரப் போகிறவர்கள் நீங்கள்தாம். ஆதலால் நான் பட்டதைச் சொல்லுகிறேன்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. அதைக் கற்பிக்கும் கூடங்களும் நகரங்களில் பல உள்ளன. நான் கண்டவை யாவும் சிறுவர்களை மனத்திற்கொண்டு அமைந்தவை. அது குற்றமன்று. முதியவன் அங்கே நுழையும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

முதலில் நான் சேர்ந்த கூடத்தில் சுவர் நிறையக் கோப்பைகள். ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடத்திய தலைமையாசிரியன் அல்லவா, மயங்கிவிட்டேன்! மூன்று மாதக் கட்டணத்தை முன்னதாக வாங்கிக்கொண்டார்கள். வயதைக் கேட்டார்கள், முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை. சிமெண்டுத் தரையில் பத்து வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிறுத்தி, குந்தி நடக்கவும் துள்ளிக் குதிக்கவும் பணித்தார்கள். இரண்டாம் வாரம் வலது முழங்கால் வீங்கிற்று. கம்பு பிடிக்கப் போனவன் பதினைந்து நாள் கைத்தடி பிடித்து நடந்தேன்.

பிழை என்னுடையதும்தான். தசை வலுப்பெறுவதற்கும், அத்தசையை எலும்போடு பிணைக்கும் நாண் வலுப்பெறுவதற்கும் ஆகும் காலம் ஒன்றன்று. தசை முந்திக்கொள்ளும், நாண் பின்தங்கியே வரும். முதுமையில் அது இன்னும் தாமதிக்கும். பத்து நாள் பயின்றதும், இனி எதையும் செய்யலாம் என்றோர் உற்சாகம் பிறக்கிறதே, அதை நம்பி நான் குதித்தேன். தடுத்து நிறுத்த வேண்டியவர் ஆசிரியர். அவரோ என்னைக் கவனிக்கவே இல்லை.

இரண்டாவது இடத்தில் ஆறே மாதத்தில் சுருள்வாள் கற்றுத் தருவதாகச் சொன்னார்கள். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது இடம் ஒரு தென்னந்தோப்பு. மண் தரை, கோப்பையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஆசான் பகலில் தச்சு வேலை செய்பவர். "ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்க ஐயா. சேருவதைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்றார். அந்த ஒரு வாரமும் நான் திறமை மிக்க மாணவனைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் நின்ற மந்தமான சிறுவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இடக்காலை வைக்க வேண்டிய இடத்தில் வலக்காலை வைத்தான், மறுபடியும் வைத்தான். ஆசான் அதட்டவில்லை. அவன் பக்கத்தில், அவன் பார்த்த திசையையே பார்த்து நின்று, தாமும் அந்தக் காலடியை மெதுவாக எடுத்து வைத்தார். நான்காம் நாள் அவனுக்கு வந்துவிட்டது.

எனக்கு உறுத்தியது. வாய்ப்பாடு ஒப்பிக்கத் திணறிய ஒரு மாணவனை, வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி நான் எழுப்பி நிறுத்தியதுண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு அப்படிக் கற்பிக்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் கூடத்தில் பிள்ளைகளுக்கு நடுவே மூச்சு வாங்கி நின்றபோதுதான், அவன் அன்று எப்படி நின்றிருப்பான் என்பது விளங்கியது.

சேருவதற்கு முன் ஆசானிடம் ஒன்று கேட்டேன். ஜப்பானில் கானோ ஜிகோரோ என்பவர் 1882இல் ஜூடோப் பள்ளி நிறுவினார். ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரிக்கும் பல்லாண்டு தலைவராக இருந்தவர் அவர். ஜூடோவில் தொடக்கப் பாடம், விழுவது எப்படி என்பதே. மோவாயை மார்போடு ஒடுக்கித் தலை தரையில் மோதாமல் காத்து, கையால் விரிப்பை அறைந்து விழ வேண்டும். முதலில் படுத்தபடி, பிறகு அமர்ந்து, பிறகு குந்தி, கடைசியில்தான் நின்றபடி பழகுவார்கள். விழுந்து உயிரிழப்போர் உலகெங்கும் அறுபது வயதைக் கடந்தவர்களிலேயே அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே, "விழுவதற்குக் கற்றுத் தருவீர்களா?" என்றேன்.

"விழாமல் நிற்கக் கற்றுத் தருவேன் ஐயா. விழுகிற வித்தை எனக்குத் தெரியாது, அதற்கு வேறு ஆளைப் பாருங்க" என்றார்.

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த நிமிடமே நான் சேர முடிவு செய்துவிட்டேன். அவர்தாம் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்கிறேனா, எந்த முழங்கால், எப்போது வலிக்கிறது என்றெல்லாம் விசாரித்து, மருத்துவரைக் கண்டுவரச் சொன்னார். முதல் மாதம் கம்பையே தொடவிடவில்லை, வெறும் காலடிதான். பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் கேட்காமலே உட்காரலாம் என்பது எனக்கு மட்டும் விதித்த சட்டம். இரண்டாம் மாதம், தரையிலிருந்து என் புருவ மத்தி வரை அளந்து ஒரு மெல்லிய பிரம்பு தந்தார்.

இப்போது எட்டாம் மாதம் நடக்கிறது. பேருந்துப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன். ஆனால் நின்று தயங்குவதில்லை. அந்தக் கடைசி வரிசைச் சிறுவன் இரண்டு வரிசை முன்னேறிவிட்டான். அவன் இடத்தில் நான் நிற்கிறேன். அடுத்த மாதம் இடக்கையால் சுழற்றக் கற்றுத் தருவதாக ஆசான் சொல்லியிருக்கிறார்.