காலம் தவறிய எஞ்சின்



விழுப்புரம் சந்திப்பை நீங்கள் அறிவீர்கள். சென்னை, புதுச்சேரி, கடலூர், விருத்தாசலம், திருவண்ணாமலை ஆகிய ஐந்து திசைகளிலிருந்தும் இருப்புப் பாதைகள் அங்கே வந்து கூடுகின்றன. ஒரு வண்டி விலகிய பின்னரே அடுத்தது அப்பாதையில் நுழைய வேண்டும். நேரம் பிசகினால் விளைவு என்னவென்று சொல்ல வேண்டுவதில்லை. அங்கிருந்து திண்டிவனம் நோக்கி நெடுஞ்சாலையில் விரையும் டீசல் கார்களின் உள்ளேயும் அத்தகைய சந்திப்பு ஒன்று உண்டு. அங்கே வந்து விலகுவன பிஸ்டனும் வால்வும் ஆகும்.

ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இவ்வகை எஞ்சினில் தீப்பொறிக்கு வேலை இல்லை. காற்று மிகுதியாக அழுத்தப்பட்டு, 500 டிகிரி செல்ஷியசுக்கு மேல் சூடேறுகிறது. பிஸ்டன் உச்சியை நெருங்கும் தறுவாயில் எண்ணெய் தூவப்படுகிறது, தானே பற்றிக்கொள்கிறது.

கிராங்க் தண்டு இருமுறை சுழன்றால், வால்வுகளைத் திறக்கும் காம் தண்டு ஒருமுறை சுழல வேண்டும். இவ்விரண்டையும் பிணைப்பது டைமிங் பெல்ட் அல்லது சங்கிலி. 1998இல் வெளிவந்த டாடா இண்டிகா டீசலில் பெல்ட். 2007இல் வந்த மாருதி ஸ்விப்ட் டீசலில் சங்கிலி. கிராங்க் தண்டின் பல்சக்கரத்தில் 20 பற்கள் இருப்பதாகக் கொள்வோம். பெல்ட் ஒரு பல் தாண்டினால் பிழை எவ்வளவு? 360ஐ 20ஆல் வகுத்தால் 18 பாகை. எண்ணெய் தூவும் வேளையோ ஓரிரு பாகைக்குள் சரியாக அமைய வேண்டியது!

பிழையை எவ்வாறு அறிவது? எண்ணெய் காலந்தாழ்ந்து தூவப்பட்டால் வண்டி எளிதில் கிளம்பாது, வெண்புகை வரும், இழுவை குறையும். முந்தித் தூவப்பட்டால் உலோகத்தைச் சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். ஆயினும், இக்குறிகளைக் கண்டவுடன் டைமிங் மீது பழி சுமத்தலாகாது. அடைபட்ட வடிகட்டியும், எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றும் ஏறக்குறைய இதே குறிகளைக் காட்டும். எனவே எளியவற்றை முதலில் சோதித்து விலக்க வேண்டும். அடுத்து, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் பழுது அந்தச் சிலிண்டருக்கு உரியது. நான்கிலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் வால்வுகளின் வேளை தவறியிருக்கலாம். அப்போதுதான் மூடியைக் கழற்றி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுழற்றி, அடையாளக் குறிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்தல் முறை.

குறிகள் விலகியிருந்தால் அவற்றை நேராக்கிவிடுவதோடு வேலை முடிவதில்லை. அவை ஏன் விலகின? சங்கிலி தேய்ந்து நீண்டதா? அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்ததா? பல்சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சிறு சாவி நசுங்கியதா? பழைய வகை எஞ்சின்களில் சிலர் பம்பை மட்டும் சற்றே திருப்பி, எண்ணெய் தூவும் வேளையைச் சரிசெய்துவிடுவர். புகை குறையும், உரிமையாளரும் மகிழ்வார். ஆனால் வால்வுகளின் பிழை அப்படியே இருக்கும். தேய்ந்த சங்கிலியும் மேலும் தேயும். ஒருநாள் அது பல் தாண்டும்போது பிஸ்டன் வால்வின்மீது மோதும். டீசல் எஞ்சினில் இவற்றுக்கிடையே உள்ள இடைவெளி மிகச் சிறிது என்பதை மறவாதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட் அறுந்து எஞ்சின் நின்றுவிட்டால், மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பக் கூடாது. தப்பிய வால்வுகளும் அதனால் வளையக்கூடும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது பல மாத வருவாயை விழுங்கும் செலவு. தயாரிப்பாளர் குறித்த தூரத்தில் பெல்ட்டை மாற்றிவிடுவதே சிக்கனம்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்பே மருந்து என்பது வள்ளுவர் காட்டிய நெறி. புகை நோயன்று, நோயின் குறி. விலகிய அடையாளமும் குறியே. தேய்ந்த உறுப்பைக் கண்டு மாற்றுவதே மருத்துவம். பொறியைக் கையாளப் போகும் மாணவர்களும், கையாளாத மாணவர்களும் இப்பழக்கத்தைக் கைக்கொள்வார்களாக.