கடதாசியில் தீராத கல்யாணம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஒத்துவரவில்லை. பெரியவர்கள் பேசினார்கள், தோட்டத் தலைவர் வந்து பேசினார். சரிவரவில்லை. கடைசியில் கோயில் வாசலில் உட்கார்ந்து, "எங்களுக்குள் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று ஒரு கடதாசி எழுதி, இருவரும் கையெழுத்து வைக்கிறார்கள். சாட்சிக்கு நாலு பேர் ஒப்பம். அவன் கொழும்புக்குப் போய் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். அவள் பிள்ளைகளோடு தாய் வீட்டு லயத்துக்கு வந்துவிடுகிறாள். ஊர் "தீர்த்து விட்டாச்சு" என்கிறது.

எதுவும் தீரவில்லை. சட்டத்தின் கண்ணில் அவள் இன்னும் அவன் மனைவிதான். தலைவரோ சமாதான நீதவானோ விவாகரத்துக் கொடுக்க முடியாது. நமக்கு மாவட்ட நீதிமன்றம் மட்டும்தான் கொடுக்கலாம். அது இல்லாமல் அவன் பதிவு செய்யும் இரண்டாம் கல்யாணம் செல்லாது, குற்றமும்கூட. "எங்களுடையது தாலி மட்டும்தான், பதிவு இல்லையே" என்று தப்பவும் முடியாது. முறைப்படி சடங்கு நடந்திருந்தால், பதிவு இல்லாத கல்யாணத்தையும் நீதிமன்றம் ஏற்கும்.

அந்தக் கடதாசியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்குத் தாபரிப்பு இல்லை என்கிறது. ஆக, அவள் வைத்த கையெழுத்து விடுதலையையும் தரவில்லை, அவள் கேட்கக்கூடிய காசுக்கும் குறுக்கே நிற்கிறது. தங்கச்சிமாரே, இதற்காகத்தான் சொல்கிறேன்: கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கடதாசியிலும் கை வைக்காதீர்கள்.

பிள்ளைகளின் பங்கு அப்படிப் போகாது. அதற்கு விவாகரத்து வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. தகப்பன் கட்டாமல் விட்டால், அவனுடைய சம்பளத்தில் வெட்டிக் கொடுக்கும்படி வேலை கொடுப்பவருக்கே கட்டளை போடலாம்.

சரி, நீதிமன்றம் போனால் விவாகரத்து உடனே கிடைக்குமா? இங்கேதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. நமக்குரியது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதில் இருக்கும் காரணங்கள் மூன்றே: பிறர் உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. ஏழு வருடம் பிரிந்திருந்தாலே போதாதா என்ற கேள்வி உயர் நீதிமன்றம்வரை போனது. குற்றம் நிரூபிக்க வேண்டும் என்றே 1986இல் தீர்ப்பு வந்தது. அதே மலையடியில், 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாகச் சட்டப்படி பதிவு செய்த சிங்களத் தம்பதி இருவரும் சம்மதித்தால், பதிவாளரிடமே பிரிந்துகொள்ளலாம். பக்கத்து ஊரில் பதிவாளர் மேசையில் முடிவது, நம் பிள்ளைகளுக்குச் சாட்சிக்கூண்டில் ஏறி ஒருவர்மேல் ஒருவர் பழி சொன்னால்தான் முடிகிறது. இந்தச் சட்டம் மாற வேண்டும்.

ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. விடியவே மலையிலிருந்து இறங்கி, பஸ்ஸுக்கு நின்று, சொப்பிங் பையில் சுற்றிய கல்யாணச் சான்றிதழை மழைக்கு மாராப்புக்குள் வைத்துக்கொண்டு போகிறவளுக்கு, லோயருக்குக் கொடுக்கக் காசு எங்கே? 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்காக இலவசமாக வழக்காடுவார்கள். அடையாள அட்டை, கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு போய்க் கேளுங்கள்.

மறுமணத்துக்கு நாள் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. வழக்கில் வென்றதும் முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்புத்தான். லோயர்மார் அதை 'நைசை' என்பார்கள். குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அது முற்றாக்கப்படும். அதற்குள் தாலி கட்டினால் அந்தக் கல்யாணமும் செல்லாது. முற்றாக்கிய தீர்ப்பின் அத்தாட்சிப் பிரதி கைக்கு வந்த பிறகு, அதை எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் போங்கள். மண்டபத்துக்கு முற்பணம் அதன் பிறகு கட்டலாம்.