புகைமூட்ட நாட்களில் ஞாயிறு கடன்

சுமாத்ராவிலும் கலிமந்தானிலும் காட்டோடு கரிநிலமும் எரியும்போது, அந்தப் புகை கடல் தாண்டி மலேசியாவில் நம் வாசலுக்கே வந்துவிடுகிறது. 1997-இல் சரவாக்கில் அவசரநிலையே அறிவித்தார்கள். வானம் சற்று மங்கியதுபோல்தான் தெரியும். ஆனால் தலைமுடியைவிடப் பல மடங்கு நுண்ணிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை இறங்கிவிடும். நனைத்த கைக்குட்டை அவற்றைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டியிருக்கும் என்-95 முகக்கவரிதான் தடுக்கும்.

அன்றும் நம் பாட்டிமார் இருமிக்கொண்டே திருப்பலிக்கு வருகிறார்கள். வராவிட்டால் பாவமாம்! பாவமில்லை, அம்மா. நோயும் உடல்நலக் காரணமும் ஞாயிறு கடனிலிருந்து விலக்கு அளிக்கின்றன. இதைக் குருக்களாகிய நாங்கள்தான் உரக்கச் சொல்லாமல் விட்டுவிட்டோம். ஜன்னலை அடைத்து, வீட்டிலேயே செபியுங்கள். நற்கருணையை நாங்கள் கொண்டுவருகிறோம். கோயிலிலும் அன்று தூபம் வேண்டாம். பீடச்சிறுவர்களில் ஆஸ்துமா உள்ளவர்களும் இருக்கிறார்கள்.