நம் கைவேலையை நாமே நேசிக்கலாமா?



நம் பங்குகளில் பாட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்து பிறப்புக்குக் குடில் கட்டுகிறவர்கள், பீடத்துணியில் பூவேலை செய்கிறவர்கள், கவிதை எழுதிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் சிலருக்கு ஓர் அச்சம் உண்டு. “நான் எழுதியதை நானே திரும்பத் திரும்பப் படித்து மகிழ்கிறேன். இது தற்பெருமை இல்லையா, சாமி?” என்பார்கள். அடக்கம் என்ற பெயரில் சிறு வயதிலிருந்தே நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி.

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தை நிதானமாகப் படிப்போம். கடவுள் படைக்கிறார். படைத்ததைப் பார்க்கிறார். நல்லதெனக் காண்கிறார். இது ஏழு முறை வருகிறது. முதல் ஆறு முறையும் மனிதர் இன்னும் படைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கைதட்ட ஆளில்லாத நேரத்திலேயே அந்த மகிழ்ச்சி இருந்தது. விடுதலைப் பயண நூலில் வரும் பெட்சலேல் குருவும் அல்ல, அரசரும் அல்ல. பொன்னிலும் மரத்திலும் வேலை செய்த கைவினைஞர். அந்த வேலைக்காகவே ஆண்டவர் அவரைப் பெயர் சொல்லி அழைத்து, தம் ஆவியால் நிரப்பினார். ஆவியார் தந்த திறமையால் செய்ததைப் பிடிக்கவில்லை என்று சொல்வது தாழ்ச்சியாகுமா?

பிறகு தற்பெருமை எங்கே நுழைகிறது? லூக்கா 18ஆம் அதிகாரத்துப் பரிசேயரைப் பாருங்கள். நோன்பு நல்லது, காணிக்கையும் நல்லது. ஆனால் அவருடைய செபம் பிறரை அளவுகோலாக வைத்தே தொடங்குகிறது. கண், செய்த செயலை விட்டுப் பக்கத்தில் நிற்பவர்மேல் போய்விட்டது.

உரோமையில் புனித பேதுரு பேராலயத்தில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய பியெத்தா இருக்கிறது. இறந்த மகனை மடியில் ஏந்திய அன்னை. 1499ஆம் ஆண்டளவில் அதை முடித்தபோது சிற்பிக்கு வயது இருபத்துநான்கு. பார்க்க வந்தவர்கள் அது வேறொரு சிற்பியின் வேலை என்று பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாம். உடனே, அன்னையின் மார்பின் குறுக்கே செல்லும் பட்டையில் தம் பெயரைச் செதுக்கிவிட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய வசாரி சொல்கிறார். அவர் பெயர் பொறித்த சிற்பம் அது ஒன்றுதான். எழுபது வயதுக்கு மேல், தம் கல்லறைக்கென்று இதே போன்ற இன்னொரு சிற்பத்தைத் தொடங்கினார். அது மனத்துக்கு நிறைவு தராததால் தாமே சுத்தியலால் உடைத்தார். இளமையில் தன் பெயரைப் பற்றிய கவலை, முதுமையில் தன் வேலையின்மேலேயே வெறுப்பு. இரண்டும் எதிரெதிராகத் தோன்றினாலும், இரண்டிலும் மனிதர் தன்னைத்தான் பார்க்கிறார் என்பது நம் எண்ணம். தன் வேலையை ஓயாமல் இகழ்ந்து பேசுகிறவரையும் நாம் அறிவோம். யாராவது மறுத்துப் புகழ மாட்டார்களா என்றுதானே பல வேளைகளில் அந்தப் பேச்சு!

மைக்கலாஞ்சலோ அதோடு நிறுத்தவில்லை. மூன்றாவதாக ஒரு பியெத்தா இப்போது மிலான் நகரில் இருக்கிறது. 1564 பிப்ரவரியில், எண்பத்தெட்டு வயதில் இறப்பதற்குச் சில நாள்கள் முன்புவரை அதைச் செதுக்கிக்கொண்டிருந்தார். பெயரும் இல்லை, முடியவும் இல்லை. வேலையின்மேல் அன்பில்லாதவர் அந்த வயதில் உளியை எடுப்பாரா?

குடில் கட்டிய இளைஞர்கள் நள்ளிரவில் சற்றுத் தள்ளி நின்று அதைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பில் ஒரு குற்றமும் இல்லை. ஒலிபெருக்கியில் தம் அன்பியத்தின் பெயர் விடுபட்டதற்காக மறுநாள் சண்டைக்கு வரும்போதுதான் மேய்ப்பருக்குத் தலைவலி. அடுத்த அன்பியத்தின் குடில் அழகாக இருந்தால் அதன்முன்னும் நின்று மகிழ முடிகிறதா என்று அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஆகவே, கவிதையைப் பெட்டிக்குள் வைத்திருக்கும் சகோதரியே, அந்த நோட்டை இன்றிரவு வெளியே எடுங்கள். பிடித்த வரியை இன்னொரு முறை படியுங்கள். சரியில்லாத வரி கண்ணில் பட்டால் அடித்துவிட்டு வேறு எழுதுங்கள்.