இழுவை மடியும் எல்லைக் கோடும்

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு 2019 நவம்பர் வரை கடற்கரை இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் எல்லாம் அதோடு போய்விட்டன. ஆனாலும் பாக் நீரிணையில் தமிழக, இலங்கை மீனவர்களுக்கு இடையிலான தகராறைப் புரிந்துகொள்ள இந்த ஊருக்குக் கடல் தேவையில்லை. 1985இல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஏன் வந்தது என்று இங்கே எந்தத் தறிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். விசைத்தறியின் வேகத்துக்குக் கைத்தறி ஈடுகொடுக்க முடியாது. அதனால் சில ரகங்களை விசைத்தறி தொடக்கூடாது என்று அரசு கோடு போட்டது.

பாக் நீரிணையிலும் சிக்கல் இதே வகைதான். ஒரு வித்தியாசம் உண்டு: விசைத்தறி கைத்தறியின் பாவை அறுப்பதில்லை. இழுவைப் படகு எதிராளியின் வலையை அறுத்துக்கொண்டே போகும்.

அந்தப் படகு இழுக்கும் மடிவலை வேலை செய்யும் விதம் இது. வாயின் இரு பக்கமும் கனத்த பலகைகள். படகு இழுக்க இழுக்க அவை விலகி வாயை அகல விரிக்கும். அடியில் தொங்கும் சங்கிலி தரையை உரசி, சேற்றில் பதுங்கும் இறாலைக் கிளப்பிவிடும். மடியைத் தூக்கிக் கயிற்றை அவிழ்த்தால் இறால், நண்டு, கணவாயோடு குஞ்சும் குறுமீனும் தளத்தில் கொட்டும். ராமேஸ்வரத்தில் இந்தக் கழிவுக்குச் சங்காயம் என்று பெயர். காயவைத்துக் கோழித்தீவனத்துக்கு அனுப்புவார்கள். நாளைக்கு வளர வேண்டிய மீன் இன்றே கோழிக்கு இரையாகிறது.

1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் கடலில் கோடு கிழித்தது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. 1976இல் கைமாறிய கடிதங்கள், ஒரு நாட்டுப் படகு மறுநாட்டு நீரில் மீன் பிடிக்கக் கூடாது என்றன. பலர் மறந்துவிடும் மறுபக்கமும் உண்டு. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வெட்ஜ் பேங்க் மீன்வளம் இந்தியாவுக்கு வந்தது. அங்கே இலங்கைக்குக் கிடைத்தது மூன்றாண்டுக்கு ஆறு கப்பல், ஆண்டுக்கு 2,000 டன்.

பிறகு இலங்கையில் உள்நாட்டுப் போர். வடக்கு மீனவர்களைக் கடலுக்கு விடாத ஆண்டுகளில் நம் விசைப்படகுகள் அங்கே இழுத்துப் பழகின. அப்போதும் துப்பாக்கிச் சூடு இருந்தது. போனவர்கள் உயிரைப் பணயம் வைத்துத்தான் போனார்கள். போர் முடிந்த 2009க்குப் பின் யாழ்ப்பாணத்து மீனவர்கள் வலையோடு திரும்பினால், விரித்த வலை விடியும்போது கிழிந்து கிடந்தது. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை முறையையே தடைசெய்தது. மசோதாவைக் கொண்டுவந்தவர் தமிழர் பிரதிநிதி எம்.ஏ. சுமந்திரன். தமிழக மேடைகளில் இந்தச் செய்தி அதிகம் கேட்பதில்லை. ‘சிங்களக் கடற்படை’ என்று மட்டும் பேசுவது எளிது.

கச்சத்தீவை மீட்டால் தீருமா? 285 ஏக்கர் தீவு அது. நம் படகுகள் அதைத் தாண்டி இலங்கையின் நெடுந்தீவுக்கும் அப்பால் போகின்றன, இறால் அங்கே இருப்பதால். தீவு திரும்பினாலும் நெடுந்தீவுக்காரனின் வலை கிழியத்தான் செய்யும்.

இத்தனைக்கும் விசைக்குக் கோடு போடும் இந்த நியாயம் ராமேஸ்வரத்துக்குப் புதிதல்ல. அங்கே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை உண்டு. தமிழ்நாட்டின் 1983 சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது. 2010இல் இருதரப்பு மீனவர்களும் கொழும்பில் உட்கார்ந்து, ஓராண்டில் இழுவையை நிறுத்துவது, அதுவரை 70 நாள் மட்டும் என்று பேசி முடித்தார்கள். அரசுகள் ஏற்கவில்லை.

ஐஸ்லாந்து இப்படிப் பேசிக்கொண்டிருக்கவில்லை. அதன் ரோந்துக் கப்பல்கள் தன் கடலுக்குள் வந்த பிரிட்டிஷ் இழுவைக் கப்பல்களின் கம்பிகளை வெட்டிவிட்டன. 1976இல் பிரிட்டன் 200 மைல் எல்லையை ஒப்புக்கொண்டது. அந்தக் கடல் மூடியதால் பிரிட்டனின் ஹல் துறைமுகத்தில் வேலை போனவர்களை அன்றாடக் கூலிகள் என்று கணக்கெழுதி இழப்பீடு மறுத்தார்கள். அரசு மனமிறங்கியது 2000இல்தான்.

தமிழ்நாட்டில் 2017இல் இழுவைக்கு மாற்றாக ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் வந்தது: 80 லட்ச ரூபாய்ப் படகு, 70 விழுக்காடு மானியம், மூன்றாண்டில் 2,000 படகுகள் இலக்கு. எண்ணிக்கை இலக்கின் பக்கத்திலேயே வரவில்லை. ஓரிரவு போய் இறாலோடு திரும்பியவர்கள் வாரக்கணக்கில் சூரைக்குத் தூண்டில் போட வேண்டும், தொழிலே வேறு. மேலும், மானியம் படகு உரிமையாளருக்கு. எல்லையில் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பங்குக்கும் கூலிக்கும் படகேறியவர்கள். இழுவையை நிறுத்தினால் அவர்களுக்கு என்ன என்பதற்கு அந்தத் திட்டத்தில் பதில் இல்லை.